இழுத்துப் போட்ட படம் பெட்டிக்குள் விழவில்லையா?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு ஸ்ரூடியோவுக்காக, கலியாண அல்பப் படங்களை இழுத்துப் போடும் பக்கம் ஒன்று செய்தேன். படத்தைப் பெட்டிக்குள் விட்டால் பொருளை விட்டதைப் பக்கத்துக்கு அறிவிக்கும் ட்ரொப் (drop) நிகழ்வு வரவேயில்லை. பிரவுசர் அந்தப் படத்தைத் திறந்துவிட்டது. நிரப்பிய படிவம் முழுக்கப் போய்விட்டது.

பிழை ட்ரொப்பில் இல்லை, அதற்கு முன், பொருள் பெட்டிக்கு மேலே இருக்கும்போது வரும் ட்ராக்ஓவர் (dragover) நிகழ்வில். எழுதும் கட்டங்களைத் தவிர வேறெங்கும் பொருளை விட பிரவுசர் இயல்பாக இடம் கொடுக்காது. ட்ராக்ஓவரில், பிரவுசரின் இயல்பான செயலைத் தடுக்கும் ப்ரிவென்ட்டிஃபோல்ட்டை (preventDefault) அழைத்தால்தான் இங்கே விடலாம் என்று அதற்குப் புரியும். ட்ரொப்பிலும் அதை அழையுங்கள், இல்லாவிட்டால் கோப்பு திறந்துகொள்ளும். கை தவறிப் பெட்டிக்கு வெளியே விடுபவர்களும் உண்டு. அதனால் முழுப் பக்கத்தையும் அடக்கும் விண்டோவிலும் (window) இந்த இரண்டு அழைப்புகளையும் சேர்த்துவிடுங்கள். அரை மணி நேரம் இருந்து நிரப்பியதை யாரும் இழக்கக் கூடாது.

அப்புறம், இழுக்கும்போது பெட்டியின் நிறம் மினுங்குகிறதா? உள்ளே இருக்கும் எழுத்துக்கும் படத்துக்கும் மேலாகச் சுட்டி போனாலே பெட்டிக்கு, பொருள் வெளியே போனதாகச் சொல்லும் ட்ராக்லீவ் (dragleave) நிகழ்வு வந்துவிடும். இழுக்கும் நேரத்தில் மட்டும் உள்ளிருப்பவற்றுக்கு பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் பொயின்டர்-ஈவென்ட்ஸை நன் (pointer-events: none) ஆக்கி, சுட்டியைக் கவனிக்காதபடி செய்யுங்கள், சரியாகிவிடும்.

கைபேசியில் இழுப்பதை நம்ப வேண்டாம். கோப்பைத் தெரிவு செய்யும் சாதாரணப் பொத்தான் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.