காய்ந்தால் சரியாகிவிடாது: மாட்டுத் தீவனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை விட்ட நாலாம் நாள், மானூர்ப் பக்கம் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக நாலு கறவை மாடு வாங்கியிருக்கிறார். மாடியில் கடலைப் பிண்ணாக்கை உடைத்துப் பரப்பி, பச்சைப் பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தார். "வெயில்ல காஞ்சா சரியாயிரும் அண்ணாச்சி" என்றார். இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். தண்ணீர் காட்டாதது, தொட்டி கழுவாதது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்லது என்று நினைத்துச் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பூசணப் பிண்ணாக்கைக் காயவைத்துக் கொடுப்பது

வெயிலில் போவது ஈரம். துடைப்பத்தில் போவது மேலே தெரியும் பூசணம். அது உள்ளே விட்டுவைத்த அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு பிண்ணாக்கிலேயேதான் இருக்கும். ஊறப்போட்டாலும் கொதிக்க வைத்தாலும் போகாது.

அந்த வருஷம் மூன்று மூட்டையைத் தொழுவத்துச் சுவரோடு ஒட்டி, வெறும் தரையில் அடுக்கியிருந்தேன். அடி மூட்டை கட்டி பிடித்துவிட்டது. எறிய மனசு வரவில்லை. காயவைத்து, நல்ல பிண்ணாக்கோடு கலந்து போட்டேன். மாடு விழவில்லை, என்னை ஏமாற்றியதே அதுதான். பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான் மடியில் கோளாறு என்று நினைத்து மருந்துக்குச் செலவழித்தேன். கூடவே தின்ற கன்று மெலிந்து மெலிந்து செத்தது. டாக்டர் அறுத்துப் பார்த்து, வெளிறிக் கெட்டிப்பட்டிருந்த ஈரலைக் காட்டினார். "என்ன தீவனம் போட்டீங்க?" என்று கேட்டார்.

கன்றை விட என்னை இன்றும் உறுத்துவது பால். மாடு தின்ற நஞ்சில் ஒரு பங்கு எம்-1 என்ற வடிவில் பாலில் இறங்கும். மறுநாளே இறங்கத் தொடங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. நான் பால் ஊற்றிய வீடுகளில் ஒன்றில் கைக்குழந்தை இருந்தது.

கோழிக்காவது போடலாமே என்பார்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, காரணம் தேடியபோது அகப்பட்டது பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான். இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே அப்படித்தான். குழி தோண்டிப் புதையுங்கள். தீவனத்தை மாற்றிய பிறகும் மூன்று நாலு நாள் பாலை யாருக்கும் ஊற்றாதீர்கள்.

மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாள் பாட்டுக்கு மேல் வாங்காதீர்கள். கண்ணுக்குப் பூசணம் தெரியாத பிண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம். சந்தேகம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை விடுவது

பூக்காத சோளப் பயிரிலும், அறுத்த தாளில் வரும் துளிரிலும் சயனைடு நஞ்சு உண்டு. மானாவாரிக் காட்டில் மழையில்லாமல் வாடி நிற்கும்போது இன்னும் கூடும். பசியோடு மேய்ந்த மாடு சில நிமிஷத்தில் மூச்சு வாங்கி விழும். கை வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி சீக்கிரம் போட்டால் பிழைக்க வழியுண்டு.

பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்த தட்டையில் இந்த நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். சோளத்தில் பலிப்பதைப் பார்த்த பழக்கத்தில்தான் பிண்ணாக்கையும் காயப்போடுகிறோமோ என்று எனக்குத் தோன்றும். இரண்டும் வேறு வேறு நஞ்சு.

சூபாபுல் (சவுண்டல்) மரத்தின் தழையையே முழுத் தீவனமாக்குவது

மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். மிஞ்சினால் முடி கொட்டும்.

இளங்கன்றுக்குப் பருத்திக்கொட்டை

வேண்டாம்.

பொங்கலன்று வாளி நிறையச் சோறு

ஒரு பிடி போதும். மிஞ்சினால் வயிற்றில் புளித்து மாட்டைச் சாய்த்துவிடும்.