மெதுவான கொரிய ஹிப்-ஹாப் காதல் பாட்டு: முதல்முறை பீட் செய்பவர்களுக்கு

சியோலின் ராப்பர்கள் சண்டைக்குப் போவதுபோல் பாடுவதும் உண்டு, காதோரம் பேசுவதுபோல் பாடுவதும் உண்டு. நாம் செய்யப்போவது இரண்டாவது வகை. பேண்ட்லேப் செயலி இலவசம், கைபேசியே போதும்.

1. டெம்போவை, அதாவது வேகத்தை, நிமிடத்துக்கு 82 தட்டில் வையுங்கள். 90-ஐத் தாண்டினால் ஆடத் தோன்றும், அது வேண்டாம்.

2. எலெக்ட்ரிக் பியானோ ஒலியை எடுங்கள். எஃப் கட்டையில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு வெள்ளைக் கட்டைகள்: எஃப், ஏ, சி, ஈ. நான்கையும் சேர்த்து அழுத்தினால் வருவதுதான் எஃப் மேஜர் 7 என்ற கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). அடுத்த பாருக்கு (ஒரு பார் என்றால் நான்கு தட்டு) அதே கை வடிவத்தை இடப்பக்கம் ஒரு கட்டை நகர்த்துங்கள். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. சி-யில் வந்து இறங்கும்போது நான்கு பார் முடிந்திருக்கும். கறுப்புக் கட்டையைத் தொடவே வேண்டியதில்லை. சோகமா சந்தோஷமா என்று பிடிபடாத அந்த மயக்கம் ஒவ்வொரு கோர்டிலும் உள்ள நான்காவது சுரத்தால் வருவது. அதை விட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள், பள்ளிப் பிரார்த்தனை மாதிரி ஆகிவிடும்.

3. பேஸில் (அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி) ஒவ்வொரு கோர்டின் முதல் சுரம் மட்டும். அலங்காரம் வேண்டாம்.

4. கிக் (கனமான டிரம் அடி) முதல் தட்டில், ஸ்னேர் (சுள்ளென்ற டிரம் அடி) இரண்டிலும் நான்கிலும். இனிதான் சூட்சுமம்: ஸ்னேரை 15 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளுங்கள். தாளம் தப்பாது, ஆனால் சோம்பல் வந்துவிடும். ஹை-ஹேட்டுக்கு (சின்னத் தாளத்தட்டு ஒலி) கொஞ்சம் ஸ்விங் கொடுங்கள், அதாவது ஒன்றுவிட்டு ஒரு அடி சற்றுத் தாமதமாக விழட்டும். செயலி தானாகக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கும் குவாண்டைஸ் வசதியை முழு அளவில் போட்டால் இந்த உழைப்பெல்லாம் போச்சு.

5. பியானோவுக்கு லோ-பாஸ் ஃபில்டர் (உயர்ந்த ஒலிகளைக் குறைக்கும் வடிகட்டி), சுமார் 3000 ஹெர்ட்ஸில். குரலுக்கு மேலே இடம் கிடைக்கும்.

6. வரிகள். கொரிய மொழியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில் வரும், அதனால் வரி முடிவெல்லாம் ஒரே விகுதியில் போய் நிற்கும். விகுதி மட்டும் ஒத்தால் இயைபு சப்பென்று இருக்கும். 2000-களின் தொடக்கத்தில் வெர்பல் ஜிண்ட் போன்ற கொரிய ராப்பர்கள் பல அசைகளை வரியின் நடுவிலேயே ஒலிக்கப் பொருத்திக் காட்டினார்கள். தமிழில் எழுதினாலும் அதையே செய்யுங்கள்.

7. ராப் 16 பார், இந்த வேகத்தில் சுமார் 47 விநாடி. மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, பேசும் குரலிலேயே பதியுங்கள். ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) மிகக் குறைவு. கோரஸ் 8 பார். அதை வேறொருவர் பாடினால் நல்லது, பெரும்பாலும் பெண் குரலைத்தான் அழைப்பார்கள். அங்கே மட்டும் ரிவெர்பைத் தாராளமாக ஏற்றுங்கள்.