பிளாஸ்டிக் பாக வடிவமைப்பு: இயந்திரப் பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்பில் தகைவையும் (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) திரிபையும் (அதனால் நீளம் மாறும் விகிதம்) எஃகைக் கொண்டே கற்றுப் பழகிய மாணவர், பிளாஸ்டிக் வடிவமைப்புப் பாடத்துக்கு வரும்போது அந்தக் கணக்கையே மாற்றமின்றி எடுத்து வருகிறார். பொருளின் விறைப்பைக் காட்டும் யங் குணகத்தில் எஃகுக்குரிய 200 ஜிகாபாஸ்கலை அழித்துவிட்டுப் பாலிகார்பனேட்டுக்கு 2.4 என்று எழுதினால் போதும் என்று எண்ணுவதே, என் பார்வையில், மற்றப் பல தவறுகளுக்கும் வேராக இருக்கிறது.

அந்த 2.4 என்பது அறை வெப்பநிலையில், விரைவில் முடிந்துவிடும் இழுவிசைச் சோதனையில் கிடைத்த எண். அதே பாகம் ஓராண்டுக் காலம் சுமை தாங்கி நின்றால், தகைவு கூடாமலேயே திரிபு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போகும். க்ரீப் எனப்படும் இந்த நிகழ்வு எஃகில் உயர் வெப்பநிலையில்தான் கவலை தரும். பிளாஸ்டிக்கிலோ அறை வெப்பநிலையிலேயே தொடங்கிவிடும். ஆகவே நெடுங்காலச் சுமைக்கு, அந்தக் கால அளவுக்கும் வெப்பநிலைக்கும் தகைவுக்கும் உரிய க்ரீப் குணகத்தை (தகைவை அந்நேரத்து மொத்தத் திரிபால் வகுத்தது) வரைபடத்திலிருந்து எடுத்துக் கணக்கிட வேண்டும். அழுத்திப் பொருத்திய இணைப்பில் இதன் மறுபக்கத்தைக் காணலாம்: அங்கே திரிபு மாறுவதில்லை, தகைவு தளர்கிறது, நாளடைவில் பிடி குறைகிறது.

நைலானில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. உலர்ந்த நைலான் 66-இன் குணகம் ஏறத்தாழ 3 ஜிகாபாஸ்கல். 50 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் அது தன் எடையில் சுமார் 2.5 சதவீதம் நீரை உறிஞ்சிச் சமநிலை அடையும்போது, குணகம் பாதியளவுக்கு இறங்கிவிடும், அளவுகளும் சற்றே பெருகும். தரவுத்தாளில் இரண்டு நிலைகளுக்கும் தனித்தனி எண்கள் இருக்க, பெரிதாகத் தெரியும் உலர்நிலை எண்ணையே மாணவர்கள் எடுத்துக்கொள்வது வருத்தத்துக்குரியது.

விறைப்பு போதவில்லை என்றால் சுவரைத் தடிப்பாக்குவது அடுத்த தவறு. வளைவு விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் உயர்வதால் ஆசை எழுவது இயல்பே; ஆனால் உருகிய பிளாஸ்டிக்கை உட்செலுத்தி வார்க்கும் அச்சில் அது குளிரும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 2 மில்லிமீட்டர் சுவரை 4 ஆக்கினால் குளிர்விக்க ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும். தடித்த இடத்தின் மேற்பரப்பில் குழிவும் உள்ளே வெற்றிடமும் தோன்றும். சுவரை மெலிதாகவும் சீராகவும் வைத்து ரிப் எனப்படும் மெல்லிய தாங்கு விலா சேர்ப்பதே சரியான வழி. அந்த ரிப்பின் அடித்தடிமனும் சுவரில் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் அதே குழிவு அங்கேயும் வரும்.

கூர்மையான உள்மூலையும், அச்சிலிருந்து எளிதில் கழன்றுவரத் தேவையான சாய்வை மறப்பதும் வரைபடத்தைப் பார்த்தவுடனே தெரியும் பிழைகள். குளிரும்போது ஏற்படும் சுருக்கத்தை மறப்பது அவ்வளவு எளிதில் தெரியாது. ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் சுமார் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். மூலக்கூறுகள் ஓரளவு ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், அதாவது பகுதிப் படிகமான, பாலிபுரொப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். ஒன்றுக்கென வெட்டிய அச்சில் மற்றொன்றை வார்த்தால் அளவுகள் பொருந்தா.

கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்கை எல்லாத் திசையிலும் ஒரே வலிமை உடையதாகக் கொண்டு கணினிப் பகுப்பாய்வு செய்வதும் பரவலாக நடக்கிறது. உருகிய பொருள் பாயும் திசையில் இழைகள் அடுக்கிக்கொள்வதால் குறுக்குத் திசையில் வலிமை குறையும். இரண்டு பாய்முனைகள் சந்திக்கும் இணைவுக்கோட்டில் இழைகள் கடந்து செல்லாததால் அது இன்னும் குறையும். அந்தக் கோடு எங்கே விழும் என்பதைப் பொருளை உட்செலுத்தும் வாயிலின் இடம் பெரிதும் தீர்மானிப்பதால், திட்டப்பணியில் வாயிலின் இடத்தை முடிவு செய்த பிறகே வலிமைப் பகுப்பாய்வைத் தொடங்க வேண்டும்.