ஜெர்மனியில் பிஎச்டி, போஸ்ட்டாக்: தேடும்போதே நேரும் தவறுகள்

ஜெர்மனியில் பிஎச்டி செய்ய நினைக்கும் பலர் முதலில் கேட்பது, "அட்மிஷன் எப்போது?" அங்கே பெரும்பாலான இடங்களுக்கு அட்மிஷன் காலமும் இல்லை, நுழைவுத்தேர்வும் இல்லை. பேராசிரியரின் திட்டத்துக்கு நிதி கிடைத்ததும் வேலை விளம்பரம் வரும், எந்த மாதத்திலும். விளம்பரத்தில் பிஎச்டி என்ற சொல்லே இல்லாமலும் போகலாம். 'விஸ்ஸென்ஷாஃப்ட்லிஷர் மிட்டார்பைட்டர்' (ஆய்வுப் பணியாளர்) என்றும் ஊதியம் 'டிவி-எல் இ13' (மாநில அரசுப் பணிக்கான ஊதிய நிலை) என்றும் கண்டால் கடந்துபோகாமல் முழுவதும் படியுங்கள்.

ஒரே மின்னஞ்சலை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நல்ல ஆய்வு அனுபவம் உள்ளவர்களே இப்படி வாய்ப்பை இழக்கிறார்கள். டிஎஃப்ஜி என்னும் ஜெர்மன் ஆராய்ச்சி நிதி அமைப்பு 'கெப்ரிஸ்' என்ற தரவுத்தளத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. எந்தப் பேராசிரியருக்கு எந்தத் திட்டத்துக்கு நிதி கிடைத்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம். உங்கள் துறைக்குப் பொருந்தும் நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, உங்களுக்குக் கைவந்த ஆய்வுமுறை அங்கே எதற்கு உதவும் என்று சுருக்கமாக எழுதுங்கள். விளம்பரத்தில் குறிப்பு எண் இருந்தால் தலைப்பு வரியில் போடுங்கள்.

மியூனிக், ஹைடல்பெர்க் போன்ற பெயர்களோடு தேடலை நிறுத்துவதும் நஷ்டமே. மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ், லைப்னிட்ஸ் ஆகிய ஆராய்ச்சி அமைப்புகளின் நிறுவனங்களிலும் பிஎச்டி ஆய்வு செய்யலாம். பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்கும்.

பேராசிரியர் சம்மதித்தாலே எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். முனைவர் மாணவராக உங்களை ஏற்கவேண்டியது பல்கலைக்கழகத்தின் அந்தத் துறைப் புலம் (ஃபேகல்டி). பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்பார்கள்; விதிகள் புலத்துக்குப் புலம் மாறும். ஒப்பந்தத்தில் 50, 65, 75 சதவீதப் பணி என்று போட்டிருந்தால் சம்பளமும் அந்த அளவுக்குத்தான். சதவீதத்தையும் ஒப்பந்தக் காலத்தையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

காலவரம்பைப் பார்க்காமல் காத்திருப்பவர்களும் உண்டு. டாட் (டிஏஏடி) என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் பிஎச்டி உதவித்தொகைக்குப் பொதுவாகக் கடைசிப் பட்டம் வாங்கி 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஹம்போல்ட் அறக்கட்டளையின் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு) உதவித்தொகைக்கு பிஎச்டி முடித்து 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் இருக்கிறதே என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் உங்களை ஏற்கும் பேராசிரியரின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தை அவரோடு பேசித் தீட்டவே பல மாதங்கள் ஆகும். பிஎச்டி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு முதல் கடிதம் போய்விடட்டும்.