கவுன்டி கட்டும் சந்தா லாபிக்குப் போகிறதா? டெக்சஸில் கணக்குப் பார்க்கும் வழி

டெக்சஸின் பெரிய கவுன்டிகள் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிகள்) தங்கள் தரப்பை மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் எடுத்துச் சொல்ல ‘கான்ஃபரன்ஸ் ஆஃப் அர்பன் கவுன்டிஸ்’ என்ற சங்கத்தை வைத்திருக்கின்றன. சந்தா வரிப்பணம்தான். அது லாபிக்கு, அதாவது சட்டமியற்றுவோரைத் தம் பக்கம் சாய்க்கும் வேலைக்கு, போகிறதா என்று இப்படிப் பார்க்கலாம்.

முதலில் வரைவு பட்ஜெட். உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 140.0045ஆம் பிரிவுப்படி, சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்தும் செலவைத் தனி இனமாக, முந்தைய ஆண்டுச் செலவோடு ஒப்பிடும்படி காட்ட வேண்டும். அங்கே தொகை சிறிதாக இருந்தால் நம்பிவிடாதீர்கள். சங்கச் சந்தா எந்தத் துறையையும் சேராத பொதுச் செலவில் ‘உறுப்பினர் கட்டணம்’ என்று ஒதுங்கியிருக்கலாம். சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் வழக்கமாகக் கூடும் என்பதால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை எடுங்கள். ஒரே ஆண்டுக் கணக்கு ஏமாற்றும்.

பிறகு பொதுத் தகவல் சட்டப்படி (அரசுச் சட்டத் தொகுப்பு, அத்தியாயம் 552) மனு எழுதுங்கள். “சங்கம் தொடர்பான எல்லா ஆவணங்களும்” என்று கேட்டால் கட்டண மதிப்பீடுதான் வரும். சங்கத்தின் பெயர், இரண்டு நிதியாண்டுகள், சந்தா ரசீதுகள், உறுப்பினராகச் சேர ஒப்புதல் தந்த கமிஷனர்ஸ் கோர்ட் (நீதிமன்றம் அல்ல, கவுன்டியின் ஆட்சி மன்றம்) கூட்டக் குறிப்பு: இவ்வளவு போதும். 50 பக்கத்துக்குள் அடங்கினால் பொதுவாக நகல் செலவு மட்டுமே. மதிப்பீடு 40 டாலரைத் தாண்டினால் எழுத்தில் அனுப்புவார்கள். 10 வேலை நாளுக்குள் நீங்கள் எழுத்தில் பதில் தராவிட்டால் மனு திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சங்கம் தொடங்கிய, கவுன்டிகள் பகிர்ந்து பயன்படுத்தும் டெக்ஷேர் மென்பொருளுக்கான கட்டணம் வேறு; அதைச் சந்தாவோடு கூட்டிவிடாதீர்கள்.

அடுத்து, லாபி செய்பவர்கள் பதிவு செய்துகொள்ளும் டெக்சஸ் எத்திக்ஸ் கமிஷனின் லாபியிஸ்ட் பட்டியலில் சங்கத்தின் பெயரை வாடிக்கையாளராகத் தேடுங்கள். ஊதியம் துல்லியமாக இராது, ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்றே இருக்கும். கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் தனித்தனியே கூட்டுங்கள். கவுன்டி ஊழியர்கள் நேரடியாகப் போய்ப் பேசுவது இதில் வராது.

கடைசியாக, உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 89.002ஆம் பிரிவைச் சொல் சொல்லாகப் படியுங்கள். கவுன்டிகளின் மாநிலச் சங்கத்துக்குப் பொது நிதியிலிருந்து சந்தா கட்ட கமிஷனர்ஸ் கோர்ட்டின் பெரும்பான்மை வாக்கு தேவை. அந்தச் சங்கம் நிலுவையிலுள்ள மசோதாவின் முடிவை மாற்ற முயலக் கூடாது. ஆனால் சட்டமன்றக் குழுவோ உறுப்பினரோ கேட்டால் குழுமுன் வந்து பேசலாம், உறுப்பினருக்குத் தகவல் தரலாம். வரி செலுத்துபவர் வழக்குப் போட்டால் அது இந்த இடுக்கில்தான் சிக்கும். “தகவல் தந்தோம்” என்ற சங்கத்தின் பதிலுக்கு எதிராக, குறிப்பிட்ட மசோதாவை ஆதரித்தோ எதிர்த்தோ அது எழுதிய கடிதங்கள் கையில் இருக்க வேண்டும். வரி செலுத்துபவர் கேட்கக்கூடியது தடையாணை. கட்டி முடித்த சந்தாவைத் திரும்பப் பெறுவது பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை.