அடைபட்ட பாதை: என் அனுபவம்

எங்கள் வீட்டின் பின்கட்டுக்குப் போகப் பக்கத்து மனையின் ஓரப் பாதை ஒன்றுதான் வழி. அந்த மனை கைமாறியதும் புதிய உரிமையாளர் அங்கே கேட் போட்டுப் பூட்டிவிட்டார். "என் இடத்தில் நீங்கள் ஏன் நடக்க வேண்டும்?" என்று கேட்டார்.

பூட்டை உடைக்கச் சொன்னவர்கள் உண்டு. நியாயம் நம் பக்கம் இருந்தாலும் அது நம்மையே குற்றவாளி ஆக்கிவிடும். நான் பத்திரங்களைத் தேடினேன். எங்கள் பத்திரத்தில் 'வழிநடைப் பாத்தியம் உட்பட', அதாவது நடந்து போகும் உரிமையோடு, என்று மட்டும் இருந்தது. அகலமும் இல்லை, திசையும் இல்லை. அவருடைய மனையின் மூலப் பத்திர நகலை எடுத்தேன். சொத்து விவரத்தின் கடைசி வரிகளில், மேற்கு ஓரத்தில் ஆறடிப் பாதை பின்மனைக்காரர், அதாவது நாங்கள், நடக்க விடப்பட்டதாகத் தெளிவாக எழுதியிருந்தது. இப்படிப்பட்ட தகராறில் அடுத்தவர் பத்திரத்தைப் பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

நில அளவையரை அழைத்து, இருவர் முன்னிலையிலும் அளந்து கல் நட்டோம். அந்நியர் நுழைவார்களோ என்பதே அவருடைய கவலை. அது நியாயமானதுதான். அதனால் கேட் இருக்கட்டும், சாவி ஒன்று எனக்கு, பாதையில் வண்டி நிறுத்தக் கூடாது, பராமரிப்புச் செலவு பாதிப் பாதி என்று முடிவு செய்தோம். நிலம் அவருடையது, நடக்கும் உரிமை மட்டும் என்னுடையது.

வாய்ப்பேச்சோடு விட எனக்கு மனமில்லை. தயவில் கிடைத்த அனுமதி பொதுவாக உரிமை ஆகாது. ஆகவே வரைபடம் இணைத்து ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தோம். பூட்டை மாற்றினால் அன்றே மறுசாவி தர வேண்டும், வீடுகள் கைமாறினாலும் ஒப்பந்தம் செல்லும் என்ற வரிகளையும் சேர்த்துக்கொண்டோம்.