பால் குடிக்கையில் கவனம் சிதறும் குழந்தையை அமைதிப்படுத்துவது எப்படி?

நான்கு மாதம் நிறையும் வரை கண்மூடிப் பால் குடித்த குழந்தை, அதன் பிறகு மின்தூக்கி நிற்கும் ஓசைக்கும் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்துக்கும் மார்பை விட்டுத் தலையைத் திருப்பத் தொடங்கும். தொலைவில் உள்ளவற்றைப் பார்க்கும் ஆற்றலும் சுற்றுப்புறத்தை அறியும் ஆவலும் அப்போது வளர்வதே இதற்குக் காரணம். சிங்கப்பூரில் 16 வார மகப்பேற்று விடுப்பு முடிவதும் ஏறத்தாழ அந்த வேளையில்தான் என்பதால், பால் வற்றிவிட்டதோ என்று தாய்மார்கள் கலங்குகிறார்கள். ஒரு வயதுக்குள் குழந்தை தானாகவே தாய்ப்பாலை மறப்பது அரிது. ஆகவே உடனே புட்டிப்பாலுக்கு மாறிவிட வேண்டாம்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் தொலைக்காட்சியும் ஆள் நடமாட்டமும் இருக்கும். படுக்கையறையில் திரையை இழுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பால் கொடுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் துப்பட்டாவால் குழந்தையின் முகத்தை மூடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வியர்த்துப்போன குழந்தை அதை இழுத்து விளையாடவே செய்யும். கடைத்தொகுதிக்குச் சென்றால் பாலூட்டும் அறையில் சுவரைப் பார்த்து அமருங்கள்.

அடுத்தது நேரம். தூங்கி எழுந்து, கண்ணில் இன்னும் தூக்கம் மிச்சமிருக்கும்போதே, கையைச் சப்பத் தொடங்கியவுடன் கொடுத்துவிடுங்கள். பசியால் அழத் தொடங்கிவிட்டால், முதலில் தோளில் போட்டு அழுகையை அடக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது படியைப் பலர் கவனிப்பதில்லை. குழந்தை சப்பத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்தே பால் நன்றாக இறங்கும். பொறுமையற்ற குழந்தை அதற்குள் விலகிவிடும். எனவே மார்பை மெல்லத் தடவி, சில துளிகள் வரும்வரை கையால் பீய்ச்சிய பிறகு வாயருகே கொண்டுசெல்லுங்கள். வாய் வைத்ததும் பால் கிடைத்தால் குழந்தை நிலைத்துக் குடிக்கும். அதன் கை தாலிக்கொடியைப் பிடித்து இழுக்குமானால், உங்கள் விரலைப் பிடிக்கக் கொடுங்கள்.

காம்பைக் கவ்வியபடியே தலையைத் திருப்பினால், கழுவிய சுண்டுவிரலை வாயோரத்தில் ஈறுகளுக்கு இடையே நுழைத்துப் பிடிப்பைத் தளர்த்தி எடுங்கள். பின்னந்தலையைப் பிடித்து மார்போடு அழுத்த வேண்டாம், அழுத்தினால் அது இன்னும் திமிறும். பார்க்க விரும்பியதைப் பார்த்து முடிக்க விட்டு, மெல்லிய குரலில் பேசியபடி மீண்டும் கொடுங்கள்.

பகலில் குறைத்துக் குடிக்கும் குழந்தை இரவில் அதை ஈடுசெய்யும். சில வாரங்களுக்கு இரவுப் பாலூட்டல் கூடுவது இயல்பே.

ஆனால் 24 மணி நேரத்தில் 6-க்கும் குறைவான அணையாடைகளே நனைந்தாலோ, எடை கூடாமல் நின்றாலோ, குழந்தை மார்பையே அடியோடு மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். காதுவலியும் வாய்ப்புண்ணும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதால், பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பாலூட்டல் ஆலோசகரிடமோ உடனே காட்டுங்கள்.